வயிற்றெரிச்சலில் வாழ்பவர்

என் மனைவியின் அக்காள் கணவர், அதாவது என் சகலை, எல்லாவற்றிலும் எனக்கு ஒரு படி முன்னால் போகிறவர். இருவரும் ஒரே கல்லூரியில் தத்துவம் நடத்தினோம். துறைத்தலைவர் பதவி அவருக்குப் போயிற்று. ஆசிரியர் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியும் அவருக்கே. போன மாதம் செத்துப்போனார். அதிலும் முந்திக்கொண்டார்.

சாவுக்குப் பின் ஏதோ இருக்கிறது என்பது அவர் கட்சி. ஒன்றுமே இல்லை என்பது என் கட்சி. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதற்காகத்தான் மல்லுக்கட்டினோம். இப்போது அவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டார், நான் இன்னும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த அநியாயத்தை வீட்டில் சொன்னால், அத்தானைப் போல அறிவாளி உண்டா என்று என் மனைவி பெருமூச்சு விடுகிறாள். என் அறிவை நினைத்து அவள் ஒருநாளும் பெருமூச்சு விட்டதில்லை. விட்டிருந்தாலும் வேறு காரணமாக இருக்கும்.

துக்கம் ஓய்ந்ததும் அந்த நாற்காலிக்கு நான் மாறினேன். கொஞ்ச நாள் சுகமாகக் காற்று வாங்கினேன். ஒரு மத்தியானம் வகுப்பு முடிந்து வந்தால், அதில் அவர் உட்கார்ந்திருக்கிறார். இஸ்திரி கலையாத சட்டை. தொப்பை வேறு குறைந்திருந்தது. எனக்குப் பயம் வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. ஜெயித்ததைச் சொல்லிக்காட்டத்தானே அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார்.

"சகலை, நீங்க சொன்னதுதான் சரி," என்றார். "அங்க ஒண்ணுமே இல்ல."

"அப்ப இங்க உட்கார்ந்திருக்கறது யாரு?"

அவர் சங்கடமாக நெளிந்தார். செத்ததும் எல்லாம் அணைந்துவிட்டதாம். ஆனால் எங்கிருந்தோ ஒரு சூடு விடாமல் இழுத்ததாம். வந்து பார்த்தால் அது என் வயிறாம். அழுதவர்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள், அவர் மனைவி உட்பட. என் வயிற்றெரிச்சல் மட்டும்தான் ஆறவில்லை. அந்தச் சூட்டில்தான் அவர் இருக்கிறார்.

"உங்க வயிறு ஆறிட்டா, நான் அவ்ளோதான்."

அவர் வாயாலேயே தோற்றதாக ஒப்புக்கொண்டுவிட்டார். இனிப் பொறாமைப்பட என்ன இருக்கிறது? என் வயிறு குளிர்ந்தது. குளிரக் குளிர அவர் முழங்கால் மங்கியது, சட்டைப் பொத்தான்கள் மங்கின, நாற்காலியின் முதுகு அவர் வழியாகத் தெரிந்தது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்.

இவரும் போய்விட்டால் நான் ஜெயித்ததை யாரிடம் சொல்வேன்? துறையில் மற்றவர்களுக்கு நான் பேசுவது விளங்கவே விளங்காது. அது தப்பு என்று சொல்லும் அளவுக்காவது கேட்டவர் இவர் ஒருவர்தான்.

அவசர அவசரமாக அவர் தலையைப் பார்த்தேன். அடர்த்தியான கறுப்பு முடி. இனி அது நரைக்கவும் போவதில்லை, கொட்டவும் போவதில்லை. என் வழுக்கையைத் தடவிக்கொண்டேன். வயிறு குப்பென்று பற்றியது. பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

"நன்றி சகலை," என்றார், காலை நீட்டிக்கொண்டு.

நான் என் பழைய மூலை நாற்காலிக்குப் போய்ப் புழுக்கத்தில் உட்கார்ந்தேன். நன்றியைக்கூட எவ்வளவு அழகாகச் சொல்கிறார், பாவி.