ஆர் பாத்தது?

பலாலி வீதியில் முதலாவது பஸ் இன்னும் வரவில்லை. உரும்பிராய்ச் சந்திக்கு அப்பால் நின்ற இரும்புக் கம்பத்தில் சூசைதாசன் ஏறிக்கொண்டிருந்தான். பனி பிடித்த இரும்பு உள்ளங்கையில் வழுக்கியது. உச்சியில் இடுப்புப் பட்டியைக் கம்பத்தைச் சுற்றி மாட்டி, உடலின் பாரம் முழுவதையும் அதில் சாய்த்து, கம்பிகள் வந்து சேரும் பெட்டியின் மூடியைக் குறட்டால் நெம்பித் திறந்தான். செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு. ஒரு மூலையில் எறும்புக்கூடு.

நகரத்தில் இருக்கும் இறால் கொம்பனியின் கந்தோரையும் மயிலிட்டியில் இருக்கும் அதன் ஐஸ் தொழிற்சாலையையும் இணைத்தவை நான்கு கம்பிகள். போகும் சோடி ஒன்று, வரும் சோடி ஒன்று. கந்தோர் ரெலிபிறின்ரர் மெசினில் அடிப்பது போகும் சோடியில் ஓடி மயிலிட்டியில் எழுத்தாக விழும். மூன்று நாட்களாக எதுவும் விழவில்லை. பிழை எங்கே என்று அறிய, வழியில் ஒரு கம்பத்தில் போகும் சோடியை வரும் சோடியோடு சிறு கம்பித் துண்டுகளால் பிணைத்து லூப் போடவேண்டும். நகரத்திலிருந்து அனுப்பும் ஓசை நகரத்துக்கே திரும்பி வந்தால் அந்தக் கம்பம் வரையில் பாதை சுகம். பிறகு லூப்பைக் கழற்றிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகவேண்டும்.

கழற்றுவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. சிவப்புத் துணி கட்டிய அந்தத் துண்டுகளை மேலே இருப்பவன் கீழே போடுவான். போனில் "எடுத்திட்டன்" என்பான். சோதனை அறையில் இருப்பவன் "ஆர் பாத்தது?" என்று கேட்பான். கீழே துண்டுகளை ஏந்திக்கொண்ட இரண்டாம் ஆள் தன் பெயரைக் கத்திச் சொன்ன பிறகுதான் சோதனைக் கொப்பியில் சரி அடையாளம் விழும். போன மாதம், இந்தக் கம்பி வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரர் ஆழ்வாப்பிள்ளை, ஒரு கம்பத்துக்கு ஓராள் போதும் என்று இரண்டாம் ஆளான யாகோப்பை நிறுத்திவிட்டார். அதோடு அந்தக் கேள்வியும் நின்றுபோயிற்று.

சூசைதாசன் துண்டுகளைப் பிணைத்து முடித்தான். "சூசையண்ணை, சத்தம் திரும்பி வந்திட்டுது," என்றான் போனில், சோதனை அறையிலிருந்த மார்க்கண்டு. பேசுவதற்கென்று தனிக் கம்பி இருந்தது. "உரும்பிராய் வரைக்கும் சுகம். லூப்பை எடுத்திட்டு மயிலிட்டிக்குப் போங்கோ."

அவன் குரலுக்குப் பின்னால் விசிறி சுழன்றது. கரண்டி ஒன்று கிளாசில் மோதிக் கிணுகிணுத்தது.

சூசைதாசனுக்கு வயிறு எரிந்தது. ஒன்பது வருடமாக அவன் வெயிலிலும் மழையிலும் கம்பத்தில். மார்க்கண்டுவோ புத்தூரிலிருந்து நாலு வருடத்துக்கு முன் வந்தவன், நாலு எழுத்துக் கூடப் படித்தவன் என்று நேரே அறைக்குள். 'மார்க்கண்டுவின்ரை வெள்ளைச் சேட்டைப் பாருங்கோ, ஒரு கறை இல்லை' என்று மனைவி றோஸ் கோயிலடியில் சொன்னது இன்னும் நெஞ்சில் முள்ளாய் நின்றது.

"தேத்தண்ணி ஆறப்போகுது. குடி ராசா, குடி," என்றான் சூசைதாசன்.

"என்னண்ணை?"

சூசைதாசன் போனைக் கழற்றித் தோளில் எறிந்துகொண்டு இறங்கினான். சைக்கிளை உதைத்தான். கரண்டிச் சத்தம் மயிலிட்டி வரைக்கும் காதுக்குள் கூடவே வந்தது.

மயிலிட்டிப் பெட்டியில், பையில் கிடந்த வேறு துண்டுகளை எடுத்து லூப் போட்டான். அங்கேயும் ஓசை திரும்பி வந்தது.

"ஆனா அண்ணை, உவ்வளவு தூரத்திலையிருந்து வாற சத்தம் மாதிரி இல்லை. கிட்டக் கேக்குது," என்றான் மார்க்கண்டு.

"உனக்கு நல்ல காது," என்ற சூசைதாசன், அந்த லூப்பைக் கழற்றிக்கொண்டு இறங்கினான்.

பாதை முழுவதும் சுகம், பிழை உங்கள் மெசினில் என்று ஆழ்வாப்பிள்ளை கொம்பனிக்குச் சொல்லிவிட்டார். மத்தியானம் சூசைதாசனுக்கு அறைக்கு வரும்படி ஆள் வந்தது. ஒன்பது வருடமும் வாசலில் நின்றே வேலை கேட்டுப் போனவன், அன்றுதான் முதல்முறை உள்ளே கால் வைத்தான்.

"கந்தோர்க் கிளாக்கர் அடிச்சாராம், எத்தனை பெட்டி இறால் எண்டு," ஆழ்வாப்பிள்ளை மேசையில் அறைந்தார். "அதே கேள்வி திரும்பி வந்துதாம். பகிடியோ எண்டு அடிச்சாராம். பகிடியோ எண்டு வந்துதாம். பிறகு அந்தாள் அடிச்ச தூசணமும் அப்பிடியே திரும்பி வந்திருக்கு! உரும்பிராயிலை லூப் அப்பிடியே கிடக்கடா. காலமை மயிலிட்டி சுகம் எண்டு கேட்டதெல்லாம் உரும்பிராய்ச் சத்தம்!"

சூசைதாசன் காலையில் கம்பத்திலிருந்து இறங்கியதை நினைத்துப் பார்த்தான். கழற்றவில்லை. மறந்தே போனான்.

"கொப்பியிலை எடுத்தாச்சு எண்டு சரி கிடக்கு. ஒண்டில் நீ பொய் சொன்னனீ, இல்லாட்டி உவன் பொய் எழுதினவன். ஓராள் நாளைக்கு வரவேண்டாம். ஆர் எண்டு சொல்லு." குரலைத் தணித்தார். "உவன் போனா உந்த இடத்துக்கு ஓராள் தேவை."

ஒரு வசனம் போதும். எடுத்திட்டன் எண்டு நான் சொல்லேல்லை, மார்க்கண்டு தானாச் சரி போட்டான். பொய்கூட இல்லை. மார்க்கண்டுவின் கதிரை எது என்று சூசைதாசனின் கண் தேடியது.

கதிரை இல்லை. கம்பி சுற்றிவந்த மரச் சக்கரம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதில்தான் மார்க்கண்டு குந்தியிருந்தான். விசிறி ஆழ்வாப்பிள்ளையின் மேசையைப் பார்த்துச் சுழன்றது. மார்க்கண்டுவின் வெள்ளைச் சேட்டு முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது.

"தேத்தண்ணியைக் கொண்டா முதல்," என்றார் ஆழ்வாப்பிள்ளை.

மார்க்கண்டு எழுந்துபோய்ச் சீனி போட்டுக் கலக்கினான். கரண்டி கிளாசில் மோதியது. காலையில் கேட்ட அதே கிணுகிணுப்பு.

"ஏன்ரா சரி போட்டனீ?" என்று கேட்டான் சூசைதாசன்.

"நீங்கள் ஒருநாளும் விட்டதில்லை அண்ணை. போனிலை ஆளைக் காணேல்லை, ஐயா தேத்தண்ணிக்குக் கத்தினவர்." தலை நிமிராமலே சொன்னான். "உங்களை நினைச்சு நான்தான் எரியிறனான். காத்திலை நிக்கிறியள். காதுக்கை கத்த ஒருத்தரும் இல்லை."

சூசைதாசன் ஆழ்வாப்பிள்ளையைப் பார்த்தான்.

"லூப்பை விட்டது நான் ஐயா. அதைப் பாக்கவேண்டிய ஆளை நிப்பாட்டினது நீங்கள். ஆமி லொறி வந்தாலும் மேலை நிக்கிறவனுக்குச் சொல்லக் கீழை ஒரு சீவன் இல்லை. யாகோப்பண்ணை வரவேணும்."

"அப்ப நீ போ."

"சரி போட்டது என்ரை கை," என்றான் மார்க்கண்டு. "அண்ணை போனா நானும் போறன்."

"போங்கோடா! வாசலிலை நூறு பேர் நிப்பாங்கள்."

"நிக்கட்டும்," என்றான் மார்க்கண்டு. "எந்தப் பெட்டியிலை எந்தச் சோடி எண்டு அவைக்கு ஆர் சொல்லுறது? உரும்பிராய்க்கு அங்காலை இன்னும் ஒருத்தரும் சோதிக்கேல்லை. பொழுதுபட முதல் லைன் வராட்டிக் கொந்தராத்து இல்லை எண்டு கொம்பனி சொன்னதும் நான்தான் கேட்டனான்."

வேலை கேட்டு வாசலில் சைக்கிள்களோடு நின்ற மற்றக் கம்பமேறிகள் நால்வரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சந்தியோகு இடுப்புப் பட்டியை அவிழ்த்துச் சைக்கிள் கைபிடியில் கொழுவினான். மற்றவர்களும் அவிழ்த்தார்கள்.

"வெருட்டுறியளோ?"

"இல்லை ஐயா," என்றான் சூசைதாசன். "லூப் என்ரை பிழை, அதை நான் எடுப்பன். மிச்ச வேலை யாகோப்பண்ணை வந்தாப் பிறகு."

ஆழ்வாப்பிள்ளை சாயத் தொடங்கும் வெயிலைப் பார்த்தார், வாசலில் தொங்கிய பட்டிகளைப் பார்த்தார். தேத்தண்ணி ஆடை படிந்து ஆறியது.

வெயில் சாயத் தொடங்கும்போது உரும்பிராய்க் கம்பத்தடியில் ஆறு சைக்கிள்கள் நின்றன. ஆறாவது, குருநகரிலிருந்து சந்தியோகு கூட்டிவந்த யாகோப்பினுடையது. கம்பம் இப்போது சுட்டது. சூசைதாசன் மேலே போய்ச் சிவப்புத் துணி கட்டிய துண்டுகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகக் கீழே விட்டான். யாகோப்பு இரண்டு கையாலும் ஏந்தினார்.

"எடுத்திட்டன்," என்றான் போனில்.

நகரத்தில் ஆழ்வாப்பிள்ளை எதற்கோ கத்திக்கொண்டிருந்தார். அந்தக் கத்தலுக்கு மேலாக மார்க்கண்டுவின் குரல் வந்தது.

"ஆர் பாத்தது?"

ஒரு மாதமாகக் கேளாத கேள்வி. சூசைதாசன் போனைக் கீழே நின்றவர்களை நோக்கி நீட்டிப் பிடித்தான்.

"யாகோப்பு!" என்று கீழிருந்து குரல் எழுந்தது. "சந்தியோகு!" என்றது அடுத்த குரல். மற்ற மூவரும் ஒரேயடியாகத் தங்கள் தங்கள் பெயரைக் கத்தினார்கள்.

"ஒவ்வொராளாச் சொல்லுங்கோ," என்றான் மார்க்கண்டு. "எல்லாற்றை பேரையும் எழுதவேணும்."