ஷிட்டோ பாட்டிலில் யார் பெயர்?

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துக் கேலி செய்ய வேண்டாம். என் லேசர் பிரிண்டரின் வயிற்றுக்குள் ஒரு ஸ்டிக்கர் உருகி ஒட்டிக்கொண்டது. அதை எடுக்கப் போய்க் கதை கிடைத்தது. பெரிய எழுத்தாளர்களுக்கு மழை, ரயில், பழைய காதல் என்று ஏதாவது வாய்க்கும். எனக்கு வாய்த்தது கருகிய பசை.

முதல் வரிக்காக நிறையத் தாள் வீணானது.

"அன்று காலை கூமாசி நகரம் மெல்லக் கண்விழித்தபோது" – கூமாசி என்றைக்கு மெல்லக் கண்விழித்திருக்கிறது? அடித்துவிட்டேன்.

"பசை என்பதும் உறவு போன்றதே, அது" – இதைப் பாதி வரியிலேயே கைவிட்டேன். இந்தக் கதையில் பசை, ஒட்டுதல், உரிதல் எல்லாம் வரும். ஒன்றுக்கும் உள்ளர்த்தம் கிடையாது. வேண்டுமென்றால் வாசகர்கள் சொந்தச் செலவில் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

மூன்றாவது: "கொனாடு அம்மா என் கடைக்குள் வந்தபோது அவர் கக்கத்தில் ஒரு கட்டு ஸ்டிக்கர் தாள் இருந்தது." இது நிற்கும். இது நடந்தது.

2

என் கடை கூமாசியில் ‘ஆடும்’ என்று பெயர்கொண்ட கடைத்தெருவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். அதனாலோ என்னவோ வாடிக்கையாளர்கள் எல்லோரும் என்னைப் பணிவானவன் என்று நினைக்கிறார்கள். ஒரு கணினி, ஒரு லேசர் பிரிண்டர், இரண்டு நாற்காலி. சாவு அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை, பாட்டிலுக்கு லேபிள், எல்லாம் அடிப்பேன். ஆள் வராத நேரத்தில் இப்படி எழுதுவேன்.

கொனாடு அம்மா ஷிட்டோ காய்ச்சுகிறவர். மிளகாய், இஞ்சி, கருவாடு, உலர்ந்த இறால் எல்லாவற்றையும் எண்ணெயில் கறுக்கக் கறுக்க வதக்கிய தொக்கு. அவர் தெருவில் அடுப்பு மூட்டினால் அடுத்த தெருவில் பாதிரியார் தும்முவார். அதைச் சந்தையில் விற்பவள் அம்போமா. அவள் யார் என்பதைச் சொல்வதில்தான் எனக்குச் சிக்கல்.

மருமகள் என்று எழுதினேன். அடித்தேன். முன்னாள் மருமகள் என்று எழுதினேன். ஆனால் அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், பெயர் நீங்கள் வையுங்கள். கொனாடு அம்மாவின் ஒரே மகன் அடுசெய் இத்தாலிக்குப் போனான். அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். அதைத் தொலைபேசியில் சொன்னான். அம்போமா பெட்டியைக் கட்டிக்கொண்டு மம்பொங்கில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். சில நாளில் கொனாடு அம்மா கூப்பிட்டார். அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. "வெங்காயம் மூட்டை மூட்டையா வந்து கிடக்கு, யாரு நறுக்குவா?" என்றார். அம்போமா அடுத்த வண்டியில் வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. வருடங்கள் ஓடிவிட்டன.*

(* வருடங்களை இப்படி ஒரே வாக்கியத்தில் ஓட்டிவிடுவது எழுத்தாளனுக்குக் கிடைத்த சலுகை. வெங்காயம் நறுக்கியவளுக்கு அது கிடைக்கவில்லை.)

இப்போது ஒரு பெரிய கடையில் ஷிட்டோவை வாங்கிக்கொள்ளத் தயார் என்றார்கள். ஆனால் டேப்பில் பேனாவால் கிறுக்கி ஒட்டிய பாட்டில் அலமாரியில் ஏறாது. ஒழுங்கான லேபிள் வேண்டும்: பெயர், உள்ளே என்ன இருக்கிறது, காய்ச்சிய தேதி, தொலைபேசி எண்.

3

"தம்பி, இந்தா தாள். பளபளன்னு எப்படி இருக்கு பாரு. உன் கடைத் தாள்ல எது அடிச்சாலும் சாவு நோட்டீஸ் மாதிரியே இருக்கு."

கட்டைத் திருப்பிப் பார்த்தேன். "அம்மா, இது மை தெளிக்கிற பிரிண்டருக்கு உள்ள தாள். என்னோடது லேசர். உள்ள ஒரு உருளை அடுப்பு மாதிரி கொதிக்கும். பொடியை உருக்கித்தான் எழுத்தையே ஒட்டும். இதை விட்டா தாளும் சேர்ந்து உருகிடும்."

"நான் மிளகாயையே பொழுதன்னிக்கும் வறுக்கிறேன். ஒரு தாள் ஒரு நொடி சூடு தாங்காதா?"

"அத்தை, அவர் மிஷின் அவருக்குத் தெரியாதா?" என்றாள் கூட வந்திருந்த அம்போமா.

"நீ சும்மா இரு. கடைக்காரன்னா தன் சரக்கைத்தான் நல்லதும்பான். நம்ம மட்டும் என்ன, பக்கத்துக் கடை ஷிட்டோவையா புகழறோம்?"

கணினி முன் உட்கார்ந்தேன். "பேரு என்னம்மா போடணும்?"

"அடுசெய் குடும்பத்து ஷிட்டோ. பெரிய எழுத்துல."

என் முதுகுக்குப் பின்னால் அம்போமாவின் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. அவ்வளவுதான். தட்டச்சு செய்தேன். லேபிள் தாளை எடுத்த எடுப்பில் உள்ளே விடக் கூடாது. முதலில் சாதாரண வெள்ளைத் தாளில் அடித்து, அதை லேபிள் தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்து, எழுத்து கட்டத்துக்குள் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக ஒரு வெள்ளைத் தாளை வைத்துவிட்டு, கட்டளை கொடுக்கத் திரும்பினேன். அந்த இடைவெளியில் கொனாடு அம்மா எனக்கு உதவி செய்தார். வெள்ளைத் தாளை உருவிவிட்டுத் தன் பளபளப்பை வைத்துவிட்டார்.

பிரிண்டர் அதை ஆசையாகத்தான் இழுத்தது. பிறகு ஒரு முனகல். பிறகு ரப்பர் செருப்பு எரிவது போல ஒரு நாற்றம்.

ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்து மூடியைத் திறந்தேன். உருளையைச் சுற்றி ஸ்டிக்கர்கள் தோலாட்டம் அப்பியிருந்தன. ஒன்றில் மட்டும் எழுத்து தெரிந்தது.

"என்ன ஆச்சு அண்ணே?"

"அடுசெய் உள்ள மாட்டிக்கிட்டார்."

அம்போமா எட்டிப் பார்த்தாள். "நல்லா வேகட்டும்" என்றாள்.

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. எனக்கும் வந்தது. கொனாடு அம்மாவுக்கு மட்டும் வரவில்லை.

4

சூடு ஆறாமல் உருளையில் கை வைக்க முடியாது. ஆகவே மூன்று பேரும் மாடிப்படிக்குக் கீழே காத்திருந்தோம். கதைக்கு இப்படி ஒரு கட்டாயக் காத்திருப்பு கிடைப்பது அரிது. நான் கற்பனையில் யோசித்திருந்தால் மழை பெய்ய வைத்திருப்பேன்.

"சிரிப்பு என்னடி சிரிப்பு? என் புள்ள பேரு எரியுது, உனக்குச் சிரிப்பு."

"அத்தை, அந்தப் பேரு வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"உங்க புள்ளதான், நான் இல்லேங்கல. ஆனா ஒவ்வொரு பாட்டிலா உட்கார்ந்து ஒட்டப் போறது நானு. காத்து போக, சுருக்கம் போகத் தடவித் தடவி ஒட்டணும். விட்டுட்டுப் போனவன் பேரை நான் எத்தனை தடவை அத்தை தடவுறது?"

நான் திருப்புளியைத் தேடுகிற பாவனையில் மேசைக்கு அடியில் குனிந்தேன். திருப்புளி மேசை மேல் இருந்தது.

கொனாடு அம்மா மிச்சத் தாள்கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேசியபோது குரல் வேறாக இருந்தது. "அவன் பேரு இருந்தாதான் நீ இருப்பே."

"என்ன சொல்றீங்க?"

"எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா? அந்த மம்பொங் கணக்கு வாத்தியார். ஷிட்டோ வாங்குறவன் தொட்டுக்கிட்டுத் திங்க சோளமாவுக் கென்கி உருண்டையும் வாங்குவான். அவன் வெறும் ஷிட்டோவை மட்டும் வாரம் தவறாம வாங்கிட்டுப் போறான். தின்னா வயிறு என்னத்துக்கு ஆகும்? நான் என்ன முட்டாளா?"

அம்போமா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ அவனைக் கட்டிக்கிட்டுப் போவே. அங்க ஒரு அடுப்பு மூட்டி உன் பேர்ல விப்பே. அப்புறம் எனக்கு என்னடி இருக்கு? மகனும் இல்ல, நீயும் இல்ல. எங்க வீட்டுப் பேரு பாட்டில்ல இருந்தா, நாளைக்கு நீ கொஞ்சம் யோசிப்பே இல்ல?"

5

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திக் கணக்கு வாத்தியார் அசியாமாவைப் பற்றிக் கவலைப்பட்டேன். அன்றுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. ஒரு வரைவில் அவருக்கு மீசை வைத்தேன். இன்னொன்றில் சந்தேகத்துக்குரிய ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்தேன். ஷிட்டோவின் செய்முறையைத் திருட வந்த ஆளாக்கினால் கதை வேகம் பிடிக்கும் என்று தோன்றியது. ஆனால் கென்கி இல்லாமல் வாரம் தவறாமல் ஷிட்டோ வாங்கும் ஒருவனை என்னால் வில்லனாக்க முடியவில்லை. அவனுக்கு ஏற்கெனவே போதுமான தண்டனை கிடைத்திருக்கும்.

முடிவுகளும் சில எழுதிப் பார்த்தேன்.

[கொனாடு அம்மா அம்போமாவைக் கட்டிப்பிடித்து அழுகிறார்.] இல்லை. அவர் கைக்கெட்டும் தூரத்தில் யார் வந்தாலும் கையில் ஒரு கத்தியும் வெங்காயமும் கொடுத்துவிடும் ரகம்.

[அடுசெய் இத்தாலியிலிருந்து திரும்பி வந்து வாசலில்] வேண்டாம். அவனுக்கு நான் டிக்கெட் எடுத்துத் தர மாட்டேன்.

[கொனாடு அம்மா கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்.] இதில் பாதி உண்மை.

6

"அத்தை, நான் அவரைக் கட்டிக்கத்தான் போறேன்" என்றாள் அம்போமா. "ஆனா உங்களை விட்டுட்டுப் போறேன்னு யார் சொன்னா? அவருக்கு இங்கதான் மாத்தல் கிடைக்குது. அந்த மனுஷனுக்கு ஒரு முட்டை வேகவெக்கக்கூடத் தெரியாது. யாரோட சண்டை போட்டுக்கிட்டு நான் தனியா அடுப்பு மூட்டுறது?"

"இதை எப்ப சொல்றதா இருந்தே?"

"உங்ககிட்ட எதைச் சொல்ல முடிஞ்சிருக்கு? உங்க புள்ள விட்டுட்டுப் போன அன்னிக்கே ஒண்ணும் பேசலையே நாம."

கொனாடு அம்மா எழுந்தார். முந்தானைத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்துவிட்டார். அம்போமா அவர் போன திக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல யோசித்து, "உருளை ஆறிடுச்சு" என்றேன்.

கருகியதை எல்லாம் சுரண்டி எடுத்து முடித்தபோது கொனாடு அம்மா திரும்பி வந்தார். கையில் சுட்ட வாழைக்காயும் வேர்க்கடலையும், மூன்று பொட்டலம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, ஒன்றை அம்போமாவிடம் நீட்டினார். "நீ கருகினது திங்க மாட்டியே."

அம்போமா வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டாள். கண் கலங்கியிருந்தது, மிளகாயின் மேல் பழிபோட அன்று பக்கத்தில் மிளகாய் இல்லை.

"தம்பி, அவன் பேரை எடு" என்றார் கொனாடு அம்மா.

"வேற என்னம்மா போட?"

"எங்க ரெண்டு பேர் பேரையும் போடு. என் பேரு முதல்ல."

"அதுல யாருக்கு அத்தை சந்தேகம்?"

"போன் நம்பர் அவளோடதைப் போடு. கட்டிக்கிட்டு எங்க போய் உட்கார்ந்தாலும் ஜனங்க கூப்பிட்டுக் கூப்பிட்டு உயிரை எடுக்கட்டும்."

அதன்பிறகுதான் உண்மையான வேலை. என்னிடமிருந்த லேசர் தாள்களில் வகைக்கொன்றாக அடித்து, அவர்கள் கொண்டு வந்திருந்த பாட்டில்களில் ஒட்டி, எண்ணெயைத் தடவினோம். காகித லேபிள் எண்ணெயைக் குடித்துக் கண்ணாடியானது; கொனாடு என்ற பெயர் கரைந்து தொக்குக்குள் போய்விட்டது போலத் தெரிந்தது. வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் தாள் அசையவில்லை. அதிலும் இரண்டு வகை: சுலபமாக உரியும் பசை, பிடித்தால் விடாத பசை. வாடிக்கையாளர்கள் காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பார்கள், கழுவச் சுலபம் என்று அம்போமா முதலாவதைக் கேட்டாள். எண்ணெய்க் கையால் எடுத்ததும் அது வழுக்கி இறங்கியது.

"விடாததையே போடு தம்பி. சுரண்டிக் கழுவுறது என் பாடு" என்றார் கொனாடு அம்மா.

(இங்கே உள்ளர்த்தம் ஒன்று என் கடை வாசல்வரை வந்து நின்றது. நாற்காலி இல்லை என்று அனுப்பிவிட்டேன்.)

சுற்றிலும் தங்க நிறத்தில் மெல்லிய கரை வேண்டும் என்று அடம்பிடித்தார். தாள் உள்ளே ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கரை ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் காணாமல் போகும், கோணல் பளிச்சென்று தெரியும், ஓரத்தைச் சும்மா விடுவதுதான் அழகு என்றேன். "அப்ப கோணல் இருக்கும், தெரியாது. அதானே? சரி, குடும்பம் மாதிரின்னு சொல்லு" என்றார். உள்ளர்த்தத்தை அவரே பின்வாசல் வழியாகக் கூட்டி வந்தால் நான் என்ன செய்ய முடியும்?

பெரிய கடையில் பாட்டில்களை வாங்கிக்கொண்டார்கள். விற்கிறது. இப்போதும் அடித்துக் கொடுக்கிறேன்.

7

கதையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் லேபிள் அடித்தவன் என்ற மரியாதையில் கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது, போனேன், பார்த்துவிட்டேன். பார்த்ததை மறைப்பது நியாயமில்லை.

மம்பொங்கில் அம்போமாவின் தாய்மாமன் வீட்டு முற்றம். பந்தலுக்குக் கீழே எதிரெதிராக இரண்டு வரிசை நாற்காலி: ஒரு பக்கம் மாப்பிள்ளை வீட்டார், எதிரில் பெண் வீட்டார். மாப்பிள்ளை வீட்டுச் சீராகப் பானங்களும் துணிகளும் தலைச்சுமையாக வந்து நடுவில் இறங்கின. இரு தரப்புக்கும் பேச ஆளுக்கொரு வாய்ச்சாலக்கார அம்மா. மணப்பெண் உள்ளே இருந்தாள். முறைப்படி கூப்பிடும்வரை வெளியே தலைகாட்டக் கூடாது.

கொனாடு அம்மா தாமதமாகத்தான் வந்தார். புதுத் துணி, தலையில் ஷிட்டோ பெட்டி. இரண்டு வரிசைக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார்.

பெண் வீட்டுக்குப் பேசும் அம்மா வேடிக்கையாகத்தான் கேட்டார்: "வாங்கம்மா, வாங்க! நீங்க எந்தப் பக்கம்? மாப்பிள்ளைக்கு என்ன வேணும்? பொண்ணுக்கு என்ன வேணும்?"

யாரோ யாரிடமோ கிசுகிசுத்தார்கள். "பழைய மாமியாராம்." சிரிப்பு அப்படியே அடங்கியது. கொனாடு அம்மாவின் வாயில் பதில் இல்லாமல் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அவருக்காக நான் பதில்கள் எழுதிப் பார்த்தேன். "பொண்ணுக்குத்தான்." "ரெண்டு பக்கமும் என் ஷிட்டோ திங்கிற பக்கம்." "வழி தப்பி வந்துட்டேன், இதை வெச்சுட்டுப் போறேன்." கடைசியானதை எழுதிவிட்டு எனக்கே தாங்கவில்லை. அவர் இதில் எதையும் சொல்லவில்லை.

உள்ளே கதவு திறந்தது. "இன்னும் கூப்பிடலைடி! உள்ள போ!" என்று பெண்கள் கத்தினார்கள். அம்போமா கேட்கவில்லை. பட்டுத் துணியின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் முற்றத்தைக் கடந்து வந்தாள். கொனாடு அம்மாவின் தலையிலிருந்து பெட்டியை இறக்கி மாப்பிள்ளை அசியாமாவின் மடியில் வைத்தாள். அந்த மனிதர் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். பிறகு அவள் கொனாடு அம்மாவின் கையைப் பிடித்தாள்.

எங்கே உட்கார வைத்தாள் என்று எனக்குத் தெரியும். அதை எழுதினால் ஒரு வரிசைக்கு அவரைக் கொடுத்து மற்ற வரிசையிலிருந்து எடுத்ததாகிவிடும்; அந்த வேலை எனக்கு வேண்டாம். இரண்டு பக்கமும் முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒன்றைத் தூக்கி எங்கேயாவது போட்டுக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் எதுவானாலும் சீக்கிரம் முடிவு செய்யுங்கள். வெயில் ஏறுகிறது, துணி கனம், அந்த அம்மாவுக்கு மூட்டுவலி வேறு.