பூட்ட மறந்த கேட்டு

“பொணம் இந்தத் தெருவுக்குள்ள வரக்கூடாதுன்னு நான் சொல்லிட்டேன், அதுக்கு மேல—”

“பொணம்னு சொல்லாதய்யா, ஆனந்தன்னு சொல்லு. முந்தாநேத்து ஆனந்தா, ஆனந்தான்னு கூப்ட்டு—”

“—பேச்சே கெடையாது. ஊரு காப்பு கட்டிக்கீது. நாளைக்கு நான் கரகம் எடுக்க—”

“—தோரணம் கட்ட ஏணி மேல ஏத்துன இல்ல, அப்ப அவன் பேரு வாயில வந்துச்சு இல்ல?”

“என்னைப் பேசி முடிக்க உடுறியா, நாகு?”

“நீ எப்பய்யா முடிச்ச? தாலி கட்டுன நாள்லேர்ந்து பேசிக்கினுதான கீற.”

கன்னியப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவர் மணிக்கட்டிலும் மனைவி நாகவல்லியின் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிற்றுக் காப்பு ஈரம் காயாமல் இருந்தது. கோவில்பதாகை என்கிற இந்த ஊரில் அவருடைய அப்பா விட்டுப்போன நிலமெல்லாம் மனைகளாகி, மனைகளெல்லாம் பிறத்தியாருடைய மாடி வீடுகளாகிவிட்டன. மிஞ்சியது இந்த வீடு, பக்கவாட்டில் வாடகைக்கு விட்டிருக்கும் வரிசைப் போர்ஷன்கள், தெருக்கோடி அம்மன் கோவிலில் தர்மகர்த்தா என்கிற பட்டம். நிலம் குறையக் குறைய மனிதருக்கு மீசை வளர்ந்தது. இளவயதில் கூத்தில் ராஜா வேஷம் கட்டியவர். அட்டைக் கிரீடத்தை அன்றைக்கே கழற்றிக் கொடுத்துவிட்டார். கழுத்துக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

ஆனந்தன் அந்தப் போர்ஷன்களில் கடைசி வீட்டுக்காரன். முந்தின நாள் காலையில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனவன், மெஷின் பக்கத்திலேயே மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. அறுத்துப் பார்த்து, தைத்து, இன்று மதியம்தான் ஆஸ்பத்திரியில் உடம்பைக் கொடுத்தார்கள். வேன் கிளம்பிவிட்டதாகப் போன் வந்திருந்தது. அவன் பெண்டாட்டி விஜி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அவனை அவன் வீட்டுப் படியில் ஒரு நாழி இறக்கி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டும். கூடாது, வேன் நேராகச் சுடுகாட்டுக்குத்தான் போக வேண்டும் என்பது கன்னியப்பனின் உத்தரவு.

“உங்க சித்தப்பா எப்பய்யா செத்தாரு?” என்றாள் நாகவல்லி.

“இப்ப எதுக்கு அவரு?”

“காப்பு கட்டுன மறுநாள் செத்தாரு. நடு வாசல்ல வெச்சு, மோளம் அடிச்சு, ஊரே அழுது எடுத்துக்கினு போச்சு. அப்புறம் தெருவெல்லாம் மஞ்சத்தண்ணி ஊத்துனாங்க. சாயங்காலம் வேற ஆளு எடுத்துக் கரகம் போச்சு. அம்மா ஒண்ணும் கோச்சிக்கல.”

“அது வேற.”

“இன்னா வேற?”

“அது நம்ம ஊட்டுச் சாவு.”

“இது?”

“இது... குடித்தனக்காரன்.”

“குடித்தனக்காரனா? அவங்கப்பன் உங்க நிலத்துல ஏரு ஓட்டுனவன். நீ அத்த நெனச்சுக்கினுதான் வேறன்ற. வாயத் தொறந்து சொல்லேன், கேப்போம்.”

இப்போதெல்லாம் அதை யாரும் வாயால் சொல்வதில்லை. தீட்டு, காப்பு, ஊர்க் கட்டுப்பாடு என்று அதற்கு நல்ல நல்ல பெயர்கள் வைத்திருக்கிறார்கள்.

“இந்தா பாரு,” என்று விரலை நீட்டினார். “அந்தப் பொணம் உள்ள வந்துச்சுன்னா, நீ இந்த ஊட்ல இருக்கக்கூடாது. கேட்டுக்கோ.”

“கேட்டுக்கினேன்.”

இவ்வளவு சுருக்கமாக அவள் பதில் சொல்லி அவர் கேட்டதில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். அலமாரியிலிருந்து பெரிய பூட்டை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கேட்டுக்குப் போனார்.

போர்ஷன்களுக்கு அந்த ஒரு கேட்டுதான் வழி. உள்ளே கடைசிப் படியில் விஜி உட்கார்ந்திருந்தாள். அடுத்த போர்ஷன் வனஜா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தாள். காப்பு கட்டிய கையோடு சாவு வீட்டுக்குள் நுழையக்கூடாது என்பதால், கன்னியப்பன் தெருவிலேயே நின்றார். தூரத்தில் நின்று உத்தரவு போடுவதற்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

“விஜி, வேனை நேரா அங்க உடச் சொல்லிட்டேன். உனக்கும் அலைச்சல் மிச்சம். நீங்கள்லாம் ஆட்டோ புடிச்சு அங்க வந்துருங்க.”

விஜி எழுந்து வந்தாள். “நைனா, நேத்து காலைல அவரு இந்தப் படியிலதான் ஷூ மாட்டுனாரு. போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனாரு நைனா. சொன்னவரு வரணுமில்ல? ஒரே ஒருதரம் எறக்கிட்டு—”

“சாமி குத்தம் ஆய்டும்மா.”

“நான் அழக்கூட மாட்டேன் நைனா. சத்தமே வராது.”

“நான் ஒருத்தன் முடிவு பண்றதா இது? ஊரு கட்டுப்பாடு.”

“ஊருன்னா யாரு அண்ணாத்தே?” என்றாள் வனஜா உட்கார்ந்த இடத்திலிருந்தே. “நாங்களும் ஊர்லதான கீறோம்? தோரணத்துக்கு எங்க ஊட்டு ஆளக் கேட்டீங்க, கூழுக்கு எங்க ஊட்டுக் கேவுரக் கேட்டீங்க. இத்த மட்டும் கேக்கலியே?”

கன்னியப்பனுக்கு அது காதில் விழவில்லை. பதில் இல்லாத கேள்விகள் அவர் காதில் விழுவதில்லை. கேட்டை இழுத்துச் சாத்தினார். உள்ளே இருப்பவர்கள் வெளியே போய்வரச் சின்னத் திட்டிவாசலை விட்டுவிட்டு, பெரிய கதவுக்குப் பூட்டைப் போட்டார். ஆள் குனிந்து நுழையலாம், பாடை நுழையாது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாய்ப் பழக்கத்தில் சொன்னார்:

“சரி, நான் வரேன்.”

வனஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாவு வீட்டிலிருந்து போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. துண்டை உதறிக்கொண்டு பேசாமல் எழுந்து போக வேண்டும். ‘வரேன்’ என்றால், இதே வாசலுக்கு இன்னொரு சாவுக்கு வருவேன் என்று ஆகிவிடும். பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஊருக்கெல்லாம் சாஸ்திரம் சொல்கிற தர்மகர்த்தாவின் வாயிலிருந்துதான் அது வழுக்கி விழுந்தது.

விஜி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“வாணாம். வராதீங்க, ஊட்டுக்காரரே.”

அதுவரை நைனாவாக இருந்தவர் அந்த நிமிஷத்தோடு வீட்டுக்காரர் ஆனார். அதையாவது அவர் கவனித்தாரா என்றால், இல்லை.

வேன் வந்தது. தெருவின் குறுக்கே ஆனந்தன் கட்டிய வேப்பிலைத் தோரணம் இன்னும் பச்சை மாறாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வேனின் கூரை அதை உரசிக்கொண்டு உள்ளே வந்து, பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றது.

“சாவி யாராண்டபா?” என்று டிரைவர் எட்டிப் பார்த்தான்.

“சாவி தேவையில்ல. நேரா உடு,” என்றார் கன்னியப்பன். பக்கத்தில் பூசாரி நாகேந்திரன் நின்றிருந்தார். தர்மகர்த்தா சொன்னதற்கெல்லாம் தலையாட்டித் தலையாட்டி, யாரும் ஒன்றும் சொல்லாதபோதும் ஆடிக்கொண்டிருக்கும் தலை அவருடையது. அது இப்போதும் ஆடியது.

“அந்த அம்மா இங்க எறக்கணும்னுச்சே?”

“எந்த அம்மாவும் சொல்ல வாணாம். நான் சொல்றேன்.”

“சீக்கிரம் முடிவு பண்ணுங்கபா, எனக்கு அடுத்த கேஸு கீது.”

விஜி திட்டிவாசலில் குனிந்து வெளியே வந்து, வேனின் பின்கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கெஞ்சவில்லை. கெஞ்சுகிற கட்டம் தாண்டிப் போயிருந்தது.

அப்போது கன்னியப்பனுடைய வீட்டின் முன்பக்கத்து இரட்டைக் கேட்டு, கார் நுழைகிற அகலத்துக்குக் கிரீச்சென்று திறந்தது. ஒரு கதவை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் தள்ளிவிட்டு, நாகவல்லி தெருவில் வந்து நின்றாள்.

“டிரைவர் தம்பி, ரிவர்ஸ் எடு. இங்க எறக்கு.”

“ஏய்!” என்றார் கன்னியப்பன். “ஏய், அது என் ஊடு!”

“அதாலதான் அத்தப் பூட்டணும்னு உனக்குத் தோணல.”

“காப்பு கட்டிக்கினு இன்னா காரியம்டி பண்ற?”

நாகவல்லி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கயிற்றைச் சுருட்டிப் பூசாரியின் உள்ளங்கையில் வைத்தாள்.

“இந்தா நாகேந்திரா. நாகவல்லி சாவுக்குப் போய்ட்டான்னு அம்மாகிட்ட சொல்லிடு. அவளுக்குப் புரியும். அவளும் பொம்பளதான.”

பூசாரியின் தலை முதல்முறையாக ஆடாமல் நின்றது.

வேன் பின்னால் வந்தது. விஜியின் தம்பிமாரும் எஸ்டேட்டிலிருந்து வந்த ஆட்களும் ஆனந்தனை இறக்கி, கன்னியப்பன் வழவழவென்று கிரானைட் போட்டு வைத்திருந்த முன்வாசலில் தெற்கே தலைவைத்துக் கிடத்தினார்கள். அந்தக் கல்லில் செருப்புக் காலோடு நடந்ததற்காகவே ஒருதரம் ஆனந்தனைத் திட்டியிருக்கிறார் அவர்.

“நீயாவது சொல்லேன்யா, தீட்டுன்னு!” என்று பூசாரியைப் பிடித்து உலுக்கினார்.

“தீட்டுதான் அண்ணாத்தே.”

“கேட்டியாடி?”

“தீட்டுதான், இல்லன்னு சொல்லல. இப்ப... எப்டி சொல்றது... சாவு உங்க ஊட்லன்னு ஆய்டுச்சே அண்ணாத்தே. சாவு ஊட்டுக்காரங்க கரகம் எடுக்கக்கூடாது. நாளைக்கு வேற யாரையாச்சும் வெச்சு...”

“சாவு என் ஊட்ல இல்லய்யா! அந்த ஊட்ல!”

“அப்ப அங்கயே வெக்க உட்டிருக்கலாமே, அண்ணாத்தே,” என்றாள் வனஜா.

சாவு வீட்டில் சிரிக்கக்கூடாது. இரண்டு மூன்று பேர் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள்.

கன்னியப்பன் ஓடினார். ராஜா வேஷக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியதைத் தெரு பார்த்தது. பக்கவாட்டுக் கேட்டின் பூட்டில் சாவி நுழைய மறுத்தது. ஒருவழியாக நுழைந்தது. பெரிய கதவை அகலத் தள்ளினார்.

“தெறந்துட்டேன்! தூக்கிக்கினு வாங்க! அவன் படியிலயே வெச்சிக்கோங்க, நான் இன்னா வாணாம்னா சொன்னேன்?”

ஒருவரும் திரும்பவில்லை. விஜி மட்டும் தலையைத் தூக்கி, திறந்த கேட்டு வழியாகத் தெரிந்த அந்தக் கடைசிப் படியைப் பார்த்தாள். அங்கே வீட்டில் போட்டுக்கொள்ளும் அவனுடைய ரப்பர் செருப்பு கிடந்தது. நாகவல்லி அவள் பக்கத்தில் குந்தினாள்.

“போலாமாடி? தூக்கச் சொல்லட்டா?”

“எறக்கியாச்சும்மா. தரையில எறக்குனவரை இன்னொரு வாசல்ல எறக்கறதில்ல.” கன்னியப்பனுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள். “நீ உன் வாசலத் தொறந்த. நல்லாரு. ஆனா அவரு படிக்கு வந்து சேரல. வர உடல.”

வனஜா போய், ஆனந்தன் வீட்டுப் படியோரத்தில் அவன் பிடித்து வைத்திருந்த குடத்துத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் படிக்கு வராவிட்டாலும் படித் தண்ணீர் அவனிடம் வந்தது. அதை ஊற்றித்தான் குளிப்பாட்டினார்கள். பிறகு விஜி அழுதாள். சத்தம் வராது என்று சொன்னவள், தெருக்கோடிக் கோவில்வரை கேட்கும்படி அழுதாள்.

தூக்கினார்கள். மேளம் முன்னால் போனது. பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள். வந்திருந்த ஜனம் ஒவ்வொருவராக முன்வாசலிலிருந்து எழுந்து போனது. வழக்கப்படி ஒருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. பூசாரி நாகேந்திரனும்தான். போகும்போது கையில் அந்த மஞ்சள் கயிறு இருந்தது. கரகம் எடுக்க வேறு ஆள் பார்க்கிற அவசரம் நடையில் தெரிந்தது.

கன்னியப்பன் தன் கிரானைட் வாசலில், தேங்கிய தண்ணீருக்கும் உதிர்ந்த சாமந்திக்கும் நடுவில் நின்றார். தெருமுனையிலிருந்து வந்த நாகவல்லி அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

“நாகு, மொதல்ல இத்தக் கழுவி உடு,” என்றார் உள்ளே பார்த்து. “மஞ்சத்தண்ணி தெளிச்சிட்டா தீட்டு போய்டும். நாகேந்திரங்கிட்ட நான் பேசிக்கிறேன். ஏதாச்சும் பரிகாரம் இல்லாமலா பூடும்?”

உள்ளே பீரோ மூடுகிற சத்தம் கேட்டது. நாகவல்லி ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள்.

“பைப்பு அங்க கீது. தொடப்பம் கதவுக்குப் பின்னால.”

“எங்க கெளம்பிட்ட?”

“நெமிலிச்சேரிக்கு. எங்கண்ணன் ஊட்டுக்கு.”

“இப்ப இன்னாத்துக்கு அங்க?”

“பொணம் உள்ள வந்தா நீ இருக்கக்கூடாதுன்ன. வந்துச்சு.” செருப்பை மாட்டிக்கொண்டாள். “இந்தத் தெருவுல உன் உத்தரவ ஒருத்தியாச்சும் மதிக்கணுமில்ல?”

“அடச்சீ, அது கோவத்துல சொல்றது. அதப் போய்ப் பெருசா...”

அவள் ஈரப் படியில் வழுக்காமல் பார்த்து இறங்கினாள். திறந்தே கிடந்த இரட்டைக் கேட்டைத் தாண்டினாள். அவர் கேட்டுக் கம்பிவரை வந்தார். பூட்டுவதற்கு வந்தவர்போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இடுப்பில் சாவி இருந்தது. பூட்டு பக்கவாட்டுக் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

“நாகு.”

அவள் வேப்பிலைத் தோரணத்தடியில் போய்க்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“ஏய் நாகு, போய்ட்டு வரேன்னாச்சும் சொல்லிட்டுப் போடி!”