ஐந்தாவது கோடு

மெத்தைத் தொழிற்சாலையில் முந்தின நாள் பிடித்த தீயை அணைக்க நாற்பத்தொரு நிமிடம் ஆனது. அந்த நாற்பத்தொரு நிமிடமும் இப்போது ஆய்வாளரின் திரையில் ஐந்து கோடுகளாகக் கிடந்தது. தீயணைப்பு வீரர்கள் மார்பில் கட்டிக்கொள்ளும், இதயத் துடிப்பை அளக்கும் உணரி பெல்ட்டைச் சோதித்துப் பார்க்க அவள் இந்த நிலையத்துக்கு வந்து மூன்று வாரம். வீரர்களுக்கு அவள் 'பெல்ட் மேடம்'.

நான்கு கோடுகளில் வியப்பில்லை. இருபது கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு புகைக்குள் போனவர்களின் இதயம் நிமிடத்துக்கு நூற்றெழுபது முறை துடிக்கத்தான் செய்யும். ஐந்தாவதுதான் உறுத்தியது. அது பம்ப் இயக்குபவருடையது. வண்டிக்குப் பக்கத்தில், நிழலில், மூன்றடிக்கு மேல் நகராமல் நின்ற மனிதருக்கு நூற்று அறுபத்து நாலு.

பெல்ட் மாறியிருக்கும் என்று நினைத்தாள். மணி அடித்தால் கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள்; முதல் வாரம் ஒருமுறை மாறியும் இருக்கிறது. உடைமாற்றும் அறையில் போய் வீரர்களிடம் கேட்டாள்.

"அவரோடதை யாரு மேடம் தொடுவா? அவர் உடம்புக்குத் தோதா கடைசி வரைக்கும் இழுத்து வெச்சிருப்பாரு."

"ஏன், என்னாச்சு? நாங்க உள்ள வேகறோம், மாப்பிள்ளை வெளிய நின்னே மூச்சு வாங்குறாராமா?"

அறை சிரித்தது. தீக்குள் போகாமல் வெளியே கௌரவமாக நிற்பதால் ஐம்பத்தொரு வயதுக்காரருக்கு அந்தப் பெயர். அவரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் அவள் திரும்பியதும் பின்னாலேயே வந்துவிட்டார்.

"எவ்வளவு காட்டுது மேடம்?"

சொன்னாள். விதியையும் சொன்னாள். நின்ற இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நூற்றைம்பதைத் தாண்டினால் வண்டியிலிருந்து இறக்கிவிட வேண்டும். மூன்று மணிக்கு மருத்துவர் வருவார். அவர் கையெழுத்துப் போட்டால் நாளை முதல் கிடங்கில் சாவிக்கொத்தோடு உட்கார வேண்டியதுதான்.

"வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க. போன மாசம்தான் முழு செக்கப் பண்ணி, இதயம் நல்லா இருக்குன்னு அவகிட்ட பேப்பரைக் காட்டினேன். டாக்டரையும் நம்பமாட்டா, என்னையும் நம்பமாட்டா."

அந்தப் பரிசோதனை அறிக்கை கோப்பில் இருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் அவளுக்கு விளங்கவில்லை. நிலைய அதிகாரியிடம் கேட்டு, பயிற்சி முற்றத்தில் அவரைப் பம்ப்பை ஓட்டச் சொன்னாள். முதலில் வெற்றுத் தரையில் தண்ணீர் அடித்தார்கள். அவர் துடிப்பு எழுபத்தாறு. பிறகு நால்வரும் ஹோஸை இழுத்துக்கொண்டு புகை நிரப்பிய பயிற்சிக் கட்டடத்துக்குள் போனார்கள். அவள் கையில் திரையோடு அவருக்குப் பின்னால் நின்றாள்.

அவர் இடது உள்ளங்கையை ஹோஸின் மேல் வைத்திருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் வைப்பது போல. உள்ளே தண்ணீர் அடிக்கும்போது ஹோஸ் அதிர்ந்தது. திரையில் தொண்ணூற்றிரண்டு. திடீரென்று அதிர்வு நின்று, ஹோஸ் கட்டை மாதிரி விறைத்தது. உள்ளே முனையை மூடிவிட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு. நூற்று இருபத்தெட்டு. நூற்று நாற்பத்தொன்று. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி அதிர்ந்ததும் எண் மளமளவென்று இறங்கியது.

"இப்ப என்ன தோணுச்சு உங்களுக்கு?"

"என்ன தோணும்? தண்ணி நின்னுச்சு. மூடினாங்களா, விழுந்தாங்களான்னு கைக்குத் தெரியாது. நின்னுச்சுன்னு மட்டும்தான் தெரியும்."

அவள் அறைக்கு ஓடினாள். பம்ப்பிலும் அழுத்தத்தைப் பதியும் கருவி உண்டு. முந்தின நாள் பதிவை எடுத்து ஐந்தாவது கோட்டின் மேல் பொருத்தினாள். உள்ளே ஒன்பது முறை தண்ணீர் நின்றிருந்தது. கோடு ஒன்பது முறை ஏறியிருந்தது. இடைவெளி குறைவானதால் ஒவ்வொரு முறையும் விட்ட இடத்திலிருந்தே ஏறி, ஒன்பதாவதில் உச்சிக்குப் போயிருந்தது. மயங்கிக் கிடந்த தொழிலாளியைத் தூக்குவதற்காக உள்ளே ஹோஸைக் கீழே போட்ட நான்கு நிமிடம் அது. நான்கு பேர் சுவருக்கு அந்தப் பக்கம் செய்ததையெல்லாம் ஓர் இதயம் இந்தப் பக்கம் நின்று எழுதி வைத்திருந்தது.

மூன்று மணிக்கு வந்த மருத்துவர் இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல" என்றார். "ஆனா காரணம் தெரிஞ்சதால பாரம் குறைஞ்சிடுமா? இன்னும் பத்து வருஷம் இப்படித் துடிச்சா?"

அவள் யோசித்தாள். அவரை வதைப்பது உள்ளே இருப்பவர்களின் நிலை தெரியாமல் இருப்பதுதான் என்றால், தெரிவதற்கான கருவி தன் கையிலேயே இருக்கிறது. இத்தனை நாளும் அதைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

"இன்னொரு தடவை மட்டும், டாக்டர்."

திரையை பம்ப்பின் அளவுமானிக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டினாள். அவருடைய துடிப்பு எண்ணை மட்டும் அதில் மறைத்து மருத்துவரின் போனுக்கு அனுப்பினாள். நால்வரும் உள்ளே போனார்கள். இரண்டு நிமிடம் முனையை மூடி வைக்கும்படி அவர்களிடம் சொல்லியிருந்தாள், அவரிடம் சொல்லவில்லை.

ஹோஸ் விறைத்தது. அவர் கண் திரைக்குப் போனது. நூற்று நாற்பத்தெட்டு, நூற்று முப்பத்தொன்பது, நூற்று ஐம்பத்தாறு, நூற்று நாற்பத்திரண்டு. நான்கு எண்களும் விநாடிக்கு விநாடி மாறிக்கொண்டிருந்தன. சுவருக்குப் பின்னால் நான்கு பேரும் இருந்தார்கள்.

மருத்துவர் போனைப் பார்த்தபடி நின்றார். நூற்று மூன்று. இரண்டு நிமிடமும் அதற்கு மேல் ஏறவில்லை.

"ஒரு மாசம் பார்க்கலாம்" என்றார். கையெழுத்துப் போட எடுத்த பேனா சட்டைப் பைக்குத் திரும்பியது. "வாரா வாரம் எனக்குக் கணக்கு வரணும். திரை இல்லாம வண்டி கிளம்பக் கூடாது."

கரி படிந்த முகங்களோடு நால்வரும் வெளியே வந்தார்கள்.

"என்ன மாப்பிள்ளை, டிவி ஓடுதா?"

"உங்க படம்தான்டா ஓடுது." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, கை இன்னும் ஹோஸின் மேலேயே இருந்தது. "யாருடா மூணாவது? வெளிய வந்தும் இறங்க மாட்டேங்குது. ஜாக்கெட்டைக் கழட்டு. உக்காந்து தண்ணி குடி. நான் பார்த்துட்டே இருக்கேன்."