தங்கமீனுக்கு முத்துப் போட்டது

சுங்கக்காரனிடம் எதைச் சொல்லக்கூடாதோ அதைத்தான் நெய்னா முகம்மது சொன்னார்.

தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல் தனுஷ்கோடித் துறையில் நின்றிருந்தது. அவர் கையில் மிட்டாய்க் கடையில் வைப்பார்களே, அந்த மாதிரிப் பெரிய கண்ணாடி ஜாடி. வாயில் மெல்லிய துணி கட்டியிருந்தது.

"இதுல என்ன?"

"தங்கமீன், சார்."

"மேல என்ன வெள்ளை வெள்ளையா?"

"முத்துப் போட்டிருக்கு, சார்."

கீழக்கரை ஆள், அக்கரையிலிருந்து வருகிறார், தங்கம் என்கிறார், முத்து என்கிறார். இதற்கு மேல் ஒரு சுங்கக்காரனுக்கு என்ன வேண்டும்? ஜாடியின் அடியில் கிடந்த மணலைத் தட்டில் கொட்டி விரலால் கிளறினார்கள். மீனின் வாயைக்கூடத் திறந்து பார்த்தார்கள். ஒன்றும் அகப்படாத கோபத்தில், மீனுக்கென்று அவர் மடியில் வைத்திருந்த நீல மருந்துக் குப்பியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் அந்த ஜாடி என்னிடம் வந்திருக்காது. நான் அப்போது துறையை ஒட்டிய தடுப்பு முகாமில் கம்பவுண்டர். அந்த வருஷம் அக்கரையில் பெரியம்மை. அம்மைப்பால் குத்தின தழும்பு சரியாக எழும்பாதவர்களை எங்கள் தகரக் கொட்டகையில் இரண்டு வாரம் வைத்திருந்து, அம்மை காணவில்லை என்றால்தான் ரயிலேற விடுவோம். நெய்னா முகம்மதுவின் தழும்பு எழும்பவில்லை. அவர் கொட்டகைக்கு வந்தார். அவருக்கு முன்பே 'முத்து' என்ற சொல் வந்துவிட்டது.

சுகாதார இன்ஸ்பெக்டர் மருதுபாண்டி ஜாடியிலிருந்து நாலு அடி தள்ளியே நின்றார். "யோவ் கம்பவுண்டர், இந்த மீனு எங்க இருந்து வருது?"

"கொழும்பு, சார்."

"அம்மை எங்க இருக்கு?"

"கொழும்புலதான். ஆனா மீனுக்கு எங்கயாச்சும் அம்மை வருமா, சார்?"

"வராதுன்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு? காட்டு."

எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் முட்டாள் இல்லை. நாளைக்கு யாராவது கேட்டால் தன் தலை உருளக்கூடாது என்று நினைக்கிறவர், அவ்வளவுதான். மீனையும் ஆளோடு சேர்த்து அடைக்கச் சொன்னார். ஆளை விடும் நாளில் முத்து இறங்கியிருந்தால் கொண்டுபோகலாம். இல்லையென்றால் மருந்துத்தூள் போட்டு ஜாடியோடு கடலில் கொட்டிவிட வேண்டும்.

நெய்னா முகம்மது என் கையைப் பிடித்துக்கொண்டார். கொழும்பில் ஒரு மீன்கடையில் வேலை பார்த்தவர் அவர். தின்கிற மீன் இல்லை, பார்க்கிற மீன். இனி அங்கே இருக்க அனுமதிச் சீட்டு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். "இருந்து பொழச்சதுக்கு மிச்சம் இந்த நாலு உசுருதான், கம்பவுண்டர் சார். ரெண்டு சோடி. ஊர்ல தொட்டி கட்டி, குஞ்சு பொரிக்க வச்சு, மதராசுக்கு அனுப்பலாம்னு இருக்கேன். இதுக போயிருச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குள்ள நுழையிறது?"

எனக்கு மனிதர்கள்மேல் அவ்வளவு பொறுமை கிடையாது. ஆனால் அந்த மீன்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. தழும்பு பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜாடி முன்னால் குந்தினேன். செதிலெல்லாம் ரவையைத் தூவினது மாதிரி வெள்ளைப் புள்ளி. அரிப்பு தாங்காமல் கண்ணாடியில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. மீனுக்குக் காய்ச்சல் அடிக்குமா? அடித்தால் எங்கே தொட்டுப் பார்ப்பது? நாக்குக் கசக்குமா? தண்ணீருக்குள்ளேயே இருக்கிறதற்குத் தாகம் எடுக்குமா? இத்தனை வருஷம் மீன் தின்றிருக்கிறேன், ஒரு மீனைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கொட்டகையின் மறுபக்கம் பெண்கள். அதில் சண்முகவள்ளி என்று ஒருத்தி. கண்டித் தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு நயினார்கோவில் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்புகிறவள். ஜாடியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா, உன் வெளையாட்டுக்கு இந்த வாயில்லாச் சீவந்தானா கெடச்சுச்சு?" மறுநாள் ஜாடியைச் சுற்றி வேப்பிலை கிடந்தது. எங்கள் மணல்காட்டில் வேப்பிலைக்கு எங்கே போனாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நெய்னா முகம்மது அதை எடுத்துப் போடவில்லை. மீன்கள் தளர்ந்துகொண்டே வந்தன. சித்திரை வெயிலில் தகரம் காய்ந்தது. ரயிலில் வருகிற குடிதண்ணீரை ஆளுக்கு ஒரு செம்பு என்று அளந்துதான் ஊற்றுவோம். அவர் தன் செம்பில் பாதியை ஜாடிக்கு விட்டுவிட்டு, மீதியில் நாக்கை நனைத்துக்கொண்டார்.

ஒருநாள் காலையில் அவர் போட்ட கூச்சலில் நான் சட்டை போடாமல் ஓடினேன். ஜாடியில் மிளகு மிதந்தது. ஒரு மீன் ஒரு மிளகைக் கவ்வி, துப்பி, மறுபடி கவ்விக்கொண்டிருந்தது. அடியில் கல்லுப்பு பாதி கரைந்து கிடந்தது.

"யாரு செஞ்ச வேலை இது?"

சண்முகவள்ளி எழுந்து நின்றாள். "நாந்தாண்ணே. முத்துப் போட்டா மாரியாத்தா கோயில் ஊருணில உப்பும் மெளகும் போடுறதுதானே வழக்கம்? உப்பு கரையிற மாதிரி முத்தும் கரஞ்சிரும். இங்கன இருந்து வெளிய விட மாட்டேங்குறாக. ஊருணிக்கு எங்க போக? அதுக கெடக்குற தண்ணிலயே போட்டேன்."

"அது நல்லதண்ணி மீனு! உப்பு பட்டாச் செத்துப்போகும். கொன்னுட்டியே, பாவி! உன் கை வெளங்குமா? என் கொடலை அறுத்துட்டியே!"

வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கும் அவள்மேல் எரிச்சல்தான், ஆனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. தண்ணீரை மாற்றலாம் என்றால் தண்ணீர் ஏது? சுற்றிக் கிடந்தது கடல். நெய்னா முகம்மது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சாகிறதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

எனக்கு முடிந்தது. எப்படிச் சாகின்றன என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன், மறைப்பானேன். அவை சாகவில்லை. அன்று சாகவில்லை, மறுநாளும் சாகவில்லை. அப்புறம் ஒருநாள் பூதக்கண்ணாடியில் பார்த்தால், வாலில் இருந்த புள்ளியைக் காணோம். முதுகில் எண்ணிக்கை குறைந்திருந்தது. கண்ணாடியில் தேய்ப்பதும் நின்றுவிட்டது.

அவரை உலுக்கி எழுப்பி, பூதக்கண்ணாடியைக் கையில் திணித்தேன். அவர் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாடியில் இறங்கியது.

உப்பா, வெயிலா, வேப்பிலையா, மாரியாத்தாளா, எது என்று எனக்குத் தெரியாது. அப்போது நான் யோசித்த யோசனைக்கு அளவில்லை. மருந்து அலமாரியில் இருந்த ஒவ்வொரு குப்பியையும் சந்தேகத்தோடு பார்த்தேன்.

விடுகிற நாள் வந்தது. இன்ஸ்பெக்டர் இந்தத் தடவை கிட்டே வந்து, மூக்கு கண்ணாடியில் படுகிற மாதிரி குனிந்து பார்த்தார். "முத்து இறங்கிருச்சு. கொண்டு போகலாம்" என்றார். அவர் குரலிலும் சந்தோஷம் இருந்தது என்று நான் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நெய்னா முகம்மது ஜாடியைத் தூக்கினார். இரண்டு எட்டு வைத்தவர் நின்றுவிட்டார். திட்டின நாளிலிருந்து அவர் சண்முகவள்ளியோடு பேசவில்லை. அவளும் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்படத் தயாராக நின்றாள். அவர் அவள் முன்னால் போய் ஜாடியைத் தரையில் வைத்தார்.

"தங்கச்சி, அம்மை எறங்குனா தலைக்குத் தண்ணி ஊத்தணும்ல? நீயே ஊத்திவிடு."

தண்ணீரிலேயே கிடக்கிற மீனுக்குத் தலைக்கு ஊற்றுவதாவது! இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அவள் அன்றைக்குக் குடிக்க வைத்திருந்த செம்பை எடுத்தாள். ஒரு வேப்பிலையைக் கிள்ளிப் போட்டாள். நாலு மீனுக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். செம்பு காலியாயிற்று.

"பத்தியம் ஏதும் உண்டா?" என்று கேட்டார் நெய்னா முகம்மது. கேலியாகக் கேட்கவில்லை.

அவள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. "ஏண்ணே இல்லாம? இது மொதத் தண்ணி. மூணாந் தண்ணி ஊத்துற வரைக்கும் வீட்டுல தாளிக்கப்புடாது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள், "மீனு ஆக்கப்புடாது."

கீழக்கரைக்காரருக்கு மீன் இல்லாமல் சோறா? அவர் ஜாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரயில் புறப்படுகிற வரை நான் மேடையில் நின்றேன். அவர் ஜன்னலோரம் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொரித்த மீன் விற்கிறவன் கூடையோடு அவர் பக்கம் வந்தான். அந்த வாசனைக்கு எனக்கே வாயூறியது. இரண்டு வாரம் முகாம் கஞ்சி குடித்த மனிதர், கூடையைப் பார்த்தார், மடியைப் பார்த்தார்.

"வேணாம், தம்பி" என்றார். "வீட்டுல அம்மை கண்டிருக்கு."