நாலு இழை

சனிக்கிழமை காலை ஒன்பது ஐந்து. கடையின் இரும்புக் கதவு பாதிதான் உயர்ந்திருந்தது. றெக்சன் குனிந்து உள்ளே போனான்.

இல்ஃபோர்டில் ஒரு புடவைக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே இருந்தது அந்தத் தூண்டில் கடை. சனிக்கிழமைகளில் அங்கே நிற்பவன் நவநீத். கோயம்புத்தூர்க்காரன். மற்ற நாட்களில் ஒரு வங்கியில் கணினி வேலை. மீன் பைத்தியம் முற்றிப்போய் வாரத்தில் ஒரு நாளை இந்தக் கடைக்கு எழுதிவைத்திருந்தான்.

“வாங்கண்ணா. என்ன மீனுக்கு?”

“சாண்டர். கால்வாயில. ஜிக் போட்டுப் பிடிக்கிறதுக்கு.”

ஜிக் என்பது ஈயத் தலை வைத்த கொக்கி. ரப்பர் மீன் ஒன்றை அதில் கோத்து, தண்ணீரின் அடித்தரையில் தட்டித் தட்டி இழுக்க வேண்டும். ரொறொன்ரோவில் இருக்கும் சித்தப்பா மகன் அப்படித்தான் வால்ஐ என்ற மீனைப் பிடித்துப் பிடித்து வீடியோ அனுப்புவான். வால்ஐக்கு ஒன்றுவிட்ட சகோதரம் இங்கத்தைய சாண்டர். அதே கண்ணாடிக் கண். அதே ஊசிப் பல்.

“ஜிக்குன்னா பிரெய்ட்தான் போடணும்” என்றான் நவநீத். நான்கு சுருள்களை எடுத்து மேசையில் வைத்தான். “நைலான் ரப்பர் மாதிரி நீளும். மீன் தட்டினது உங்க கைக்கு வந்து சேர்றதுக்குள்ள அது துப்பிட்டுப் போயிடும். பிரெய்ட் பின்னின நூல். நீளவே நீளாது. அடியில ஒரு கல்லு உரசினாக்கூட விரலுக்குத் தெரியும்.”

நீளாது. றெக்சன் கேட்க வந்தது அதைத்தான்.

“இது எட்டு இழை. தொட்டுப் பாருங்க, பட்டு. அது நாலு இழை. கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும். களையில மாட்டினா ரம்பம் மாதிரி அறுத்துக்கிட்டு வரும்.”

றெக்சன் நாலு இழையை நகத்தால் உரசினான். மெல்லிய சத்தம் வந்தது.

“இதைத் தாங்கோ. முப்பது கிலோ தாங்கிறதா.”

“முப்பதா? சாண்டருக்கு ஆறு கிலோ தாராளம். சுறாவா பிடிக்கப் போறீங்க?”

“அத்தானுக்குப் பரிசு. அவர் பெரிய ஆள்.”

“சரி. லீடர் ஆறு கிலோ போட்டுக்கங்க. கொக்கிக்கு முன்னாடி கட்டுற துண்டு. அடியில சிக்கினா முதல்ல அதுதான் அறுந்து போகணும்.”

“லீடரும் முப்பது.”

நவநீத் நிமிர்ந்து பார்த்தான். “அப்ப சிக்கினா எதுவும் அறாதுண்ணா.”

“ஓம்” என்றான் றெக்சன்.

நவநீத் தலையை ஆட்டிக்கொண்டு பைக்குள் போட்டான். பிறகு தன் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினான். நடுக்கணுவில் வெள்ளையாக ஒரு கோடு, விரலைச் சுற்றி ஓடியது.

“போன வருஷம். பத்து கிலோ நூல்தான். சிக்கினதைக் கையில ஒரே ஒரு சுத்து சுத்தி இழுத்தேன். எலும்பு தெரிஞ்சுது. அத்தான்கிட்ட சொல்லிடுங்க, கையில மட்டும் சுத்தவே கூடாது. இந்தாங்க.” ஒரு தடித்த கையுறையைப் பைக்குள் திணித்தான். “ஒத்தைக் கை. ஜோடி தொலைஞ்சுபோச்சு. சும்மா வச்சுக்கங்க.”

*

அத்தானின் பெயர் சற்குணம். பாசையூரில் பிறந்து கடலில் வளர்ந்தவன். பாரிசில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு வெம்பிளிக்கு வந்தான். இப்போது ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிற வேலை. ஊரில் அவர்கள் பிடித்தது தடியில்லாத் தூண்டில். தங்கூசி என்று சொல்லும் நைலான் நூலைக் கையில் நாலு சுற்றுச் சுற்றி இழுப்பார்கள். நூல் கடலடிப் பாறையில் சிக்கினாலும் அப்படித்தான். கையில் சுற்று, உடம்பைச் சாய், இழு. தங்கூசி நீண்டு கொடுக்கும், பிறகு அறும். கையில் ஒரு சிவந்த கோடு விழும். அவ்வளவுதான். இங்கே வந்து தடியும் நூல் சுற்றும் சில்லும் வாங்கிய பிறகும் சற்குணத்தின் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. கோடை முழுக்க றெக்சன் அதைப் பார்த்திருந்தான்.

அந்தக் கையையும் பார்த்திருந்தான். வலது கை. தடித்த விரல்கள். மோதிர விரலில் கல் வைத்த மோதிரம்.

போன ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து அக்கா பியற்றிஸ் வெளியே வந்தாள். கன்ன எலும்பின் மேல் நாவல் நிறத்தில் ஒரு காயம். மோதிரக் கல் அளவு.

“என்னக்கா உது?”

“அலுமாரிக் கதவு.”

“எந்த அலுமாரி?”

“எங்கட வீட்டில எத்தினை அலுமாரியடா இருக்கு?” என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் ஒவ்வொரு காலாக இறங்கினாள்.

“பொலிசிட்டச் சொல்லுவம்.”

“சொல்லிப்போட்டு? ரெண்டு நாளில விட்டிடுவாங்கள். மூண்டாம் நாள் நான் அவரோட தனிய நிக்கவேணும். அடுத்த முறை நான் எழும்பமாட்டன், தம்பி.”

அதைச் சும்மா ஒரு பேச்சாக அவள் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அடுத்த முறை வரக்கூடாது. ஒரு கிழமையாக றெக்சனின் மண்டைக்குள் வேறு நினைப்பு இல்லை. அந்தக் கையை நிறுத்த வேண்டும்.

*

ஞாயிறு காலை அல்பேர்ட்டன் பக்கம் கால்வாய்க் கரை ஈரமாக இருந்தது. தண்ணீர் தேநீர் நிறம். சற்குணம் புதுத் தடியை வாங்கி, சில்லில் சுற்றியிருந்த மஞ்சள் நூலைப் பார்த்தான்.

“உதென்னடா, தையல் நூலே?”

“பிரெய்ட், அத்தான். உங்கட பிறந்தநாளுக்கு.”

“என்ர பிறந்தநாள் போய் மூண்டு மாசம்.” சிரித்தான். “உன்ர அக்காவைக் கட்டினதுக்குச் சீதனம் இப்பதான் வந்து சேருது.”

வேலைக்குப் போடும் சப்பாத்துடனேயே வந்திருந்தான். முனையில் இரும்பு வைத்த சப்பாத்து. றெக்சனின் சட்டைப் பையில் கையுறையின் விரல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சற்குணம் அதைப் பிடித்து இழுத்தான்.

“கையுறையோ? மீன் கடிச்சுப்போடுமெண்டு பயமே மச்சான்? மருதாணி போட்ட பொம்பிளை மாதிரி.”

“உங்களுக்கு வேணுமோ?”

அவன் ஓம் என்று சொன்னால் றெக்சன் கொடுத்துவிடுவான். அப்படித்தான் இரவு முழுக்கத் தனக்குச் சொல்லி வைத்திருந்தான்.

“இந்தக் கைக்கோ?” சற்குணம் உள்ளங்கையை விரித்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தான். “இது பாசையூரான்ர கை. வைச்சுக்கொள் உன்ர உறையை.”

வைத்துக்கொண்டான்.

மூன்றாவது வீச்சில் மீன் தட்டியது. தடி வளைந்தது. சாண்டர் ஒன்று, முழங்கை நீளம், முதுகு முள்ளை விரித்துக்கொண்டு மேலே வந்தது. சற்குணம் கொக்கியைக் கழற்றக் கை வைத்தபோது முள் குத்தியது. பெருவிரலில் ஒரு துளி இரத்தம்.

“வேசை” என்றான்.

மீனைக் கீழே போட்டான். சப்பாத்து முனையால் ஓங்கி உதைத்தான். மீன் உருண்டு வேலியில் மோதியது. நடந்து போய்த் திரும்ப உதைத்தான். மூன்றாம் உதையில் வயிறு திறந்தது. அதன் பிறகும் இரண்டு உதை. அவசரம் இல்லை. எங்கே உதைக்க வேண்டும் என்று தெரிந்த உதைகள்.

றெக்சன் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண் முழுக்கப் பெருவிரலில் இருந்தது, அந்தக் கையில் இருந்தது.

பத்து மணிபோல ஜிக் அடியில் சிக்கியது. அந்த இடத்தில் தண்ணீருக்குள் கடைத் தள்ளுவண்டி ஒன்று கிடக்கிறது. றெக்சனுக்கு அது தெரியும். அதற்காகத்தான் அந்த இடம்.

சற்குணம் தடியை ஆட்டிப் பார்த்தான். வரவில்லை. தடியைக் கீழே வைத்தான். நூலைக் கையில் எடுத்தான். ஒரு சுற்று. இரண்டு. மூன்று. நாலு.

அத்தான் என்ற சொல் றெக்சனின் தொண்டை வரை வந்தது. கன்னத்து நாவல் நிறம் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. சொல் வெளியே வரவில்லை.

சற்குணம் குதிக்காலை மண்ணில் ஊன்றினான். நூறு கிலோ உடம்பைப் பின்னால் சாய்த்தான்.

நூல் நீளவில்லை. அறவில்லை. உள்ளே போனது.

அவன் கத்தவில்லை முதலில். கையைப் பார்த்தான். விரல்களுக்கு நடுவே மஞ்சள் நூலைக் காணவில்லை. தோல் மூடியிருந்த இடத்திலிருந்து இரத்தம் வரிசையாக எழுந்தது. அப்போதுதான் கத்தினான். நூலைத் தளர்த்த ஓர் அடி முன்னால் வைத்தான்.

அந்த அடி மட்டும் போதும், அவன் தப்பியிருப்பான். கையில் தையல், பத்து நாள் லீவு, பதினோராம் நாள் வீடு. றெக்சன் அதைக் கண்ணால் கண்டான்.

கையுறையை மாட்டினான்.

தண்ணீருக்கும் சற்குணத்தின் கைக்கும் நடுவே நூலைப் பிடித்தான். வில்லின் நாணை இழுப்பதுபோல் பக்கவாட்டில் இழுத்தான். அந்தப் பக்கம் தள்ளுவண்டி அசையவில்லை. இந்தப் பக்கம் கை வந்தது. சற்குணம் முழங்காலில் விழுந்தான்.

“டேய்! விடடா! டேய், அறுக்குது!”

“அக்காவுக்கு அடிச்சனியோ?”

“விடடா நாயே!”

றெக்சன் திரும்ப இழுத்தான். மோதிரத்தின் மேல் நூல் கீச்சென்று வழுக்கி, அதற்குக் கீழே போய் இறுகியது. நடுவிரல் தன்பாட்டில் மடங்கியது, பிறகு தன்பாட்டில் தொங்கியது. சற்குணம் மற்றக் கையால் அவன் முகத்தில் குத்தினான். உதடு கிழிந்தது. றெக்சன் விடவில்லை.

“அடிச்சனியோ?”

“ஓம்! ஓம்! அடிச்சனான்!”

“இனி?”

“இனி இல்லை. மாதாவாணை. றெக்சன், மாதாவாணையடா.”

இன்னொரு முறை இழுத்தான். அந்த இழுப்புக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. சத்தியம் கேட்டாயிற்று. ஆனாலும் இழுத்தான், ஏதோ முறிந்த சத்தம் கையுறைக்குள்ளால் அவன் விரலுக்குத் தெரிந்தது. நவநீத் சொன்னது சரி. பிரெய்டில் எல்லாம் தெரியும்.

கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினான். கையுறையைக் கழற்றித் தண்ணீரில் போட்டான். பிறகு அம்புலன்சுக்கு அடித்தான். முகவரியைத் தெளிவாகச் சொன்னான்.

*

ஆஸ்பத்திரியில் சற்குணம் தாதியிடம் சொன்ன கதை சுருக்கமானது. மீன் பிடித்தேன். நூல் சிக்கியது. கையில் சுற்றினேன். மச்சான்தான் வெட்டிவிட்டான். பாசையூரானை ஒருத்தன் முழங்காலில் விழுத்தினான் என்று அவன் யாருக்கும் சொல்லப் போவதில்லை. பொலிசை வீட்டுப் பக்கம் கூப்பிடவும் அவனுக்கு விருப்பம் இல்லை. றெக்சன் அதையும் கணக்கில் வைத்திருந்தான்.

மோதிர விரலை எடுத்துவிட்டார்கள். நடுவிரலும் சின்ன விரலும் இனி மடங்காது. அந்தக் கையால் இனி ஒரு கோப்பையைக்கூடச் சரியாகப் பிடிக்க ஏலாது என்று டொக்டர் சொன்னார்.

பின்னேரம் பியற்றிஸ் வந்தாள். மயக்க மருந்தில் கிடந்த புருசனைச் சிறிது நேரம் பார்த்தாள். துணி சுற்றிய கையைப் பார்த்தாள். பிறகு தம்பியின் கிழிந்த உதட்டைப் பார்த்தாள். அவள் முட்டாள் இல்லை.

“வெளிய வா” என்றாள்.

நடைபாதையில் நின்றார்கள். தாதி ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். சற்குணத்தின் உடுப்பு. அடியில் சப்பாத்து. பாரத்தில் பை கீழே இழுபட்டது. முனையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

“நீயோ செய்தனி?”

“அடுத்த முறை வரக்கூடாதெண்டு செய்தனான்.”

“எப்ப விடுவினமாம்?”

“வியாழக்கிழமை. அக்கா, நீங்கள் பயப்பிடத் தேவையில்லை. சத்தியம் பண்ணிப்போட்டார். பண்ணாட்டிலும் அந்தக் கையால இனி ஒண்டும் செய்ய ஏலாது.”

பியற்றிஸ் கதிரையில் உட்காரப் போனாள். பாதியில் நின்றாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். மற்றக் கையில் பை தொங்கியது. அதை அவள் தன் உடம்பிலிருந்து தள்ளியே பிடித்திருந்தாள்.

“கன்னம் அலுமாரியிலதான் பட்டது, தம்பி. கீழ விழேக்க” என்றாள். “அவர் எனக்குக் கையால அடிக்கிறவர் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?”