வெண்கலக் கதவுல மூட்டை சுமந்தவ

துபாய் அல் கூஸ்ல ஒரு பட்டறையில வார்த்து வச்சிருந்த வெண்கலக் கதவுல இருந்து, ஆயுத பூஜைக்கு மறுநாள் சனிக்கிழமை காலையில, மூட்டை சுமக்குற பொம்பளை ஒருத்தி இறங்கி, யூனியன் ஸ்டாப்புல பஸ் மாறி ஷார்ஜாவுக்குப் போயிட்டா. அன்னைக்கு அங்க ரோலா மார்க்கெட்டுல தக்காளி விலை இறங்கியிருந்துச்சு, முருங்கைக்காயைத்தான் தொட முடியல. அவளுக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு, முதுகுன்னு ஒண்ணு கிடையாது. பக்கவாட்டுல திரும்புனா தகர விளிம்பு மாதிரி ஒரு கோடாத்தான் தெரிவா. அதனால பஸ்ல யாரு சீட்டையும் அடைக்கல, ஜன்னலுக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்குற சந்துல நின்னுக்கிட்டே போனா. தலையில இருந்த மூட்டை மட்டும் முழு மூட்டை. முன்னால உக்காந்திருந்த பெங்காலிப் பையன் தலையில அது ரெண்டு தடவை இடிச்சுச்சு. ஏதோ டூட்டி முடிஞ்சு போற பொம்பளைன்னு நினைச்சு அவன் தலையைத் தடவிக்கிட்டுச் சும்மா இருந்துட்டான்.

அந்தக் கதவு இத்தாலியில ஐநூறு வருஷத்துக்கும் மேல முன்னால ஒரு பெரிய சர்ச்சுக்குச் செஞ்ச கதவாம். அதைப் பாத்து அப்படியே இன்னொண்ணு, இங்க புதுசா வர்ற ஒரு ஹோட்டல் வாசலுக்குக் கேட்டிருந்தாங்க. ரெண்டு ஆள் உசரத்துக்கும் மேல. கட்டம் கட்டமாப் பிரிச்சு, கட்டத்துக்கு ஒரு கதை. ஒண்ணுல யூசுப் நபி கதை. பரமக்குடிப் பக்கத்து ராக்கப்பனுக்கு அதுல பாலிஷ் போடுற வேலை, கூட வேலை பாத்த கீழக்கரை சாதிக் பாட்ஷாதான் அவனுக்கு அந்தக் கதையைச் சொன்னது. கூடப் பொறந்த அண்ணனுங்களே தம்பிய வித்துட்டானுங்க, அவன் அயல்நாட்டுல கஷ்டப்பட்டுப் பெரிய ஆளாகி, பஞ்சம் வந்தப்ப ஊருக்கே தானியம் அளந்தான்னு. "அண்ணனுங்களே ஏஜெண்டா இருந்திருக்கானுங்க"ன்னான் ராக்கப்பன்.

ஆனா அவனை மயக்குனது கதை இல்ல, அந்த வேலைப்பாடு. முன்னால நிக்கிற ஆளுங்க கதவை விட்டே வெளிய வந்துருவாங்க போல, கையும் காலும் திரட்சியா, அவங்க நிழல் கதவு மேலேயே விழும். அதுக்குப் பின்னால நிக்கிறவங்க பாதி உடம்பு. அதுக்கும் பின்னால, வட்டமான ஒரு தானியக் கடைத் தூணுங்களுக்கு ஊடால, நகத்தால கீறுன மாதிரி இன்னும் கொஞ்சம் பேரு. தள்ளி நின்னு பாத்தா அந்தத் தெரு பாட்டுக்கு உள்ள போய்க்கிட்டே இருக்கும், கோடியில காத்து வீசுறதுகூடத் தெரியும். கிட்டப் போய் விரலை வச்சா மொத்தத் தெருவும் அரை விரக்கடை ஆழம். வச்ச விரலை எடுக்க மனசு வராம நிப்பான். அந்தக் கோடியிலதான் மூட்டைக்காரி இருந்தா. அவளை நகக்கீறலா விட்டுட்டு மூட்டையை மட்டும் உருண்டையாச் செஞ்சு வச்சிருந்தான் செஞ்ச மகராசன்.

ராக்கப்பன் பொண்டாட்டி கனகா ரோலாவுல பிரஷாந்தின்னு ஒரு யாழ்ப்பாணத்து அம்மா வீட்டுல தங்கி வேலை பாத்தா. ஞாயித்துக்கிழமைதான் ரெண்டு பேருக்கும் லீவு, ரோலா பார்க்குல உக்காந்து பேசிட்டுப் பிரிவாங்க. கதவு வந்ததுல இருந்து அதுவும் நின்னு போச்சு. ஞாயித்துக்கிழமையும் கதவு முன்னாலயே நின்னுக்கிட்டு வீடியோ கால்ல, இதைப் பாரு புள்ள, அதைப் பாரு புள்ளன்னு காட்டுவான். ஒருநாள் மூட்டைக்காரியைக் காட்டுனான். கனகா கொஞ்ச நேரம் பாத்துட்டு, "பாவம், அவளுக்கு ஒரு கை குடுத்து இறக்கிவிட ஆளில்லையா? இங்க வந்தா நானாச்சும் இறக்கிவிடுவேன்"னா. இவன் சிரிச்சான். கதவுல இருந்தவ சிரிக்கல.

ஆயுத பூஜைக்கு மெஷினுங்களுக்கெல்லாம் பொட்டு வச்ச கையோட ராக்கப்பன் கதவுக்கும் சந்தனம் குங்குமம் எடுத்துட்டுப் போனான். "நபிமாருக்கெல்லாம் வேணாம் மாப்ள, சுமை தூக்குறவங்களுக்கு வச்சுக்க"ன்னு சாதிக் பாட்ஷா பக்குவமாச் சொன்னான். சரின்னு மூட்டை தூக்குறவங்க, ஒட்டகம் பிடிக்கிறவங்களுக்கெல்லாம் வச்சான். கோடியில இருக்குறவளுக்குக் கடைசியா நிதானமா வைக்கலாம்னு விட்டான். அதுக்குள்ள பொரிகடலை வந்துருச்சு, தின்னுட்டு மறந்துட்டான். காலையில வந்து பாத்தா அந்த இடம் வழவழன்னு இருக்கு.

அவ தானாக் காணாமப் போயிட்டான்னதை சூப்பர்வைசர் விஜயபாஸ்கர் நம்பல. "கிரைண்டர் வச்சுத் தேச்சுத் தொலைச்சிருக்க ராக்கப்பா. வியாழக்கிழமை ஹோட்டல்காரன் ஆளு இத்தாலிப் படத்தோட வந்து ஒண்ணொண்ணாப் பாப்பான். அதுக்குள்ள அவ இங்க இருக்கணும். இல்லைன்னா உன் விசா கேன்சல், நீ ஊருக்கு"ன்னுட்டார். இவன் ஊருக்குப் போனா கனகா இங்க ஒத்தையா நிப்பா. அந்த நினைப்போட அவன் வழவழன்னு இருந்த இடத்தைத் தடவிப் பாத்துக்கிட்டிருக்கும்போதே கனகாகிட்ட இருந்து போன் வந்துச்சு: "உங்க கதவுக்காரி இங்க வந்திருக்கா."

வாசல்ல தலைச்சுமையோட நின்னவளை யாரு எவருன்னு கேக்காம, ஊர்ல செய்யிற மாதிரி ரெண்டு கையும் குடுத்து மூட்டையை இறக்கி விட்டிருக்கா கனகா. அவ அடுப்படித் தரையில காலை நீட்டி உக்காந்தவதான், எந்திரிக்கல. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்த பிரஷாந்தி, "கனகா, ஆரிந்த மனுசி? விசா இருக்கோ?"ன்னு கேட்டா. "அவ வெண்கலம்க்கா." "வெண்கலமெண்டாலும் பொலிஸ் கேக்கும். சரி, இருக்கட்டும். சாப்பிட்டவவோ?"

ஞாயித்துக்கிழமை ராக்கப்பன் குங்குமச் சிமிழோட ஓடி வந்தான். பொட்டு வைக்காத கோவம்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தான். அவன் எதிர்ல வந்து நின்னா அவ பக்கவாட்டுல திரும்பிக் கோடாயிருவா. இந்தப் பக்கம் வந்தா அந்தப் பக்கம் கோடு. கோட்டுக்கு எங்க பொட்டு வைக்கிறது. கும்பிட்டான், கெஞ்சினான், மூட்டையைத் தூக்கி அவ தலையில வைக்கப் பாத்தான், மூட்டை அசையல. கனகா வெங்காயம் உரிச்சுக்கிட்டே, "ஏங்க, கதவைப் பாக்க இத்தனை ஞாயித்துக்கிழமை நின்னீங்களே, அவ கழுத்து நோவுறது உங்களுக்குத் தெரியலையா?"ன்னா. அவன், "மூட்டை இல்லாமப் போனா படத்துல இருக்குற மாதிரி இருக்காதே புள்ள, வியாழக்கிழமை மாட்டிக்குவேனே"ன்னான். "உங்களுக்கு ஆளு வேணுமா, மூட்டை வேணுமா?"ன்னு கேட்டா கனகா. மூட்டை மேல இருந்த கையை எடுத்துட்டு, "ஆளு"ன்னான். அப்பக்கூட மூட்டைக்காரி திரும்பல. "ரெண்டு நாள் காலாறட்டும், நான் கூட்டிட்டு வர்றேன்"னு அவனை அனுப்பி வச்சா கனகா. திங்கள், செவ்வாய், புதன் மூணு நாளும் அவன் போன் போட்டுக்கிட்டே இருந்தான். வெங்காயம் உரிக்கிறதை வேடிக்கை பாக்குறா, இன்னும் எந்திரிக்கலங்கிற ஒரே பதில்தான்.

வியாழக்கிழமை விடிஞ்சதும் அவளே எந்திரிச்சுச் சேலைக்கட்டு மாதிரி இருந்த துணியை உதறிக்கிட்டா. மூட்டையைத் திரும்பிக்கூடப் பாக்கல. பிரஷாந்திக்குத் துபாய் கராமாவுல ஆபீஸ், வழியைச் சுத்திக்கிட்டுக் கொண்டுபோய் விடுறன்னு ரெண்டு பேரையும் கார்ல ஏத்திக்கிட்டா. "கமராக்காரன் ஃபைன் அடிப்பான், அவவுக்கும் பெல்ட்டைப் போடு"ன்னா. பெல்ட்டு அவ மேல நிக்காம வழுக்கி வழுக்கி விழுந்துச்சு. துபாய் ரோட்டுல வண்டி எறும்பா ஊர்ந்துச்சு. ராக்கப்பன் போன் மேல போன். அல் கூஸ் போய்ச் சேரும்போது ஹோட்டல்காரன் ஆளோட வண்டி இவங்க பின்னாலயே வந்து நின்னு ஹாரன் அடிக்குது.

கேட்டுல செக்யூரிட்டி ஹஸ்னைன், பாஸ் மாஃபி, பாஸ் இல்லாம உள்ள விட முடியாதுன்னுட்டான். மூட்டைக்காரி கேட்டு இடுக்குல நுழைஞ்சு பாதி உள்ள, பாதி வெளிய நின்னுக்கிட்டா, கனகா கையை விடல. ராக்கப்பன் ஓடி வந்து, "பாய், மேரா பீவி ஹை"ன்னு, தெரிஞ்ச ஹிந்தியில, என் பொண்டாட்டின்னான். ஹஸ்னைன் ரெண்டு பேரையும் பாத்தான். "கௌன்சி? ரெண்டுல எது? அஞ்சு மாசமா நீ கதவைத்தானே பாத்துக்கிட்டு நின்ன." பின்னால ஹாரன் விடாம அடிக்குது. ராக்கப்பன் போய்க் கனகாவோட அந்தப் பக்கத்துக் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இவ"ன்னான். அப்பத்தான் மூட்டைக்காரி முதல் தடவையா முகத்தை அவன் பக்கம் நேராத் திருப்புனா. சட்டைப் பையில இருந்த சிமிழைத் திறந்து அவ நெத்தியில குங்குமத்தை எடுத்து வச்சான். ஹஸ்னைன் கேட்டைத் திறந்துவிட்டான்.

அவ தன் கட்டத்துல ஏறி, தூணுங்களுக்கு ஊடால போய், இடுப்புல ஒரு கையை வச்சு நின்னுக்கிட்டா. ஹோட்டல்காரன் ஆளு படத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கி ஒவ்வொரு கட்டமாப் பாத்துக்கிட்டு வந்து, யூசுப் நபி கட்டத்துல நின்னான். அந்தாளு கதவைப் பாத்தான், படத்தைப் பாத்தான், மறுபடி கதவைப் பாத்தான். அப்புறம் சரின்னு அடுத்த கட்டத்துக்குப் போயிட்டான். விஜயபாஸ்கர் எட்டிப் பாத்தார். இத்தாலிப் படத்துலயும் அவ வெறுந்தலையோட, இடுப்புல கை வச்சுத்தான் நின்னுக்கிட்டிருந்தா. அங்கேயும் இறக்கி வச்சுட்டா போலருக்குன்னு சாதிக் பாட்ஷா சொன்னான். எல்லாரும் டீ குடிக்கப் போனாங்க.

கதவு இப்ப அந்த ஹோட்டல் வாசல்ல நிக்குது. அந்தச் செவப்புப் பொட்டை என்ன போட்டுத் துடைச்சாலும் போகலைன்னு துடைக்கிறதை விட்டுட்டாங்க. மூட்டை ரோலாவுலயே தங்கிருச்சு. ஆம்பளைங்க நாலு பேரு சேந்தாலும் தூக்க முடியாது, கனகா மட்டும் காலால தள்ளிவிட்டு, அந்த இடத்தைப் பெருக்கிட்டு மறுபடி தள்ளி வைப்பா. ஞாயித்துக்கிழமையில ராக்கப்பன் வர்ற நேரத்துக்கு, காத்துல வீட்டுக் கதவு அடிச்சுச் சாத்திக்காம இருக்க, அதைத்தான் வாசல்ல முட்டுக் குடுத்து வைக்கிறா.